ஆறு குப்பியில் ஒருவன் ரத்தம்

என் தம்பிக்குப் பணிமனையில் பெயர் 'ஆகட்டும்'. வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே ஆளைத் தெரியாது. "ஆகட்டும் எந்த வண்டியில போயிருக்கான்?" என்று கேட்டால் எதிர் டீக்கடைக்காரர்கூடத் தட எண்ணோடு சொல்வார். யார் எதைக் கேட்டாலும் அவன் வாயிலிருந்து வருகிற முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் அதுதான். "நாளைக்கு என் ஷிப்டை நீ ஓட்டறியா?" "ஆகட்டும்." "போற வழியில இதை என் மச்சினன் வீட்டுல இறக்கிடறியா?" "ஆகட்டும்." இது என்றால் ஏதோ கைப்பை என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை அது இரும்பு பீரோவாக இருந்தது. பேருந்தின் பின்வாசலில் அதை ஏற்றி, இடிபட்ட பயணிகளிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கடைசி நிறுத்தம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனான்.

நானும் அதே பணிமனையில்தான் வேலை பார்க்கிறேன், டிக்கெட் மெஷின் அறையில். காலையில் கண்டக்டர்கள் வரிசையாக வருவார்கள். ஜன்னல் வழியாக மெஷினைக் கொடுப்பேன், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிச் சார்ஜ் போடுவேன். எனக்கு வாய் நீளம் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு பிள்ளைக்கும் பங்கு வைக்க வேண்டிய வாயை அம்மா எனக்கே மொத்தமாகக் கொடுத்துவிட்டாள் என்று தம்பி சொல்வான். "டேய், ஒரு நாளாவது முடியாதுன்னு சொல்லுடா. நாக்கு ஒண்ணும் சுளுக்கிக்காது" என்று நான் தலைபாடாய் அடித்துக்கொள்வேன். அதற்கும் "ஆகட்டும்க்கா" என்பான். அவன் தலையில் மிளகாய் அரைக்காத ஆளே அந்தப் பணிமனையில் கிடையாது.

இந்தக் கதையில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. மூலம். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் நாளெல்லாம் உட்கார்ந்தால் மூலம் வந்தே தீரும் என்பது டிரைவர்கள் ஓய்வறையின் சட்டம். நடுவில் ஓட்டை வைத்த ரப்பர் மெத்தை ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவன் யாராவது ரத்தம் போகிறது என்று பயந்துகொண்டு வந்தால், "இப்பத்தான்டா நீ டிரைவரே ஆயிருக்க" என்று கை கொடுப்பார்கள். வயிறு கட்டிக்கொண்டால் மூலம். இளகினால் உடம்புச் சூடு. ஆள் இளைத்தால் தூக்கம் கெட்டது. எல்லாவற்றுக்கும் அங்கே பதில் தயாராக இருந்தது, ஒன்றுக்குக்கூட டாக்டர் தேவைப்படவில்லை.

அந்த வருஷம் தம்பியின் முகம் வெளுக்கத் தொடங்கியது. வண்டியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்று, மூச்சு வாங்கிவிட்டு ஏறினான். பெல்ட்டில் ஆணியை வைத்து அடித்துப் புது ஓட்டை போட்டுக்கொண்டான். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தாலும் முழுதாகப் போன மாதிரி இல்லை என்று மறுபடி மறுபடி போவதாக அவன் மனைவி என்னிடம் சொன்னாள். மற்றவர்கள் ஷிப்டையும் சேர்த்து ஓட்டினால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று நான் அதற்கும் அவனைத்தான் திட்டினேன்.

சுகாதார நிலையத்து நர்ஸ் பணிமனைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். ஒல்லியான பெண், தொண்டை மட்டும் பெரிது. ஓய்வறையில் அவர் பேசியது மெஷின் அறைவரை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நாப்பத்தஞ்சு தாண்டின எல்லாரும் இதைச் செஞ்சுக்கணும். குடல்ல புத்துநோய் வர்றதுக்கு முன்னாடி பெரும்பாலும் சின்னதா ஒரு சதை வளரும். வலிக்காது. ஆனா லேசா ரத்தம் கசியலாம், கண்ணுக்குத் தெரியாது. மலத்துல கலந்திருக்கற அந்த ரத்தத்தை இந்தக் குப்பி காட்டிக் குடுத்துடும். சதையா இருக்கும்போதே எடுத்துட்டா அது புத்துநோயா மாறவே மாறாது."

கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி. மூடியோடு ஒட்டினாற்போல ஒரு குச்சி. குச்சியின் நுனியால் மலத்தைச் சுரண்டி எடுத்து, குப்பிக்குள் செருகி, மூட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கண்டக்டர்களில் ஒருவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். நிறுத்தவே தெரியாது. "சிஸ்டர், இதுல குப்பி நிறைய வேணுமா, கொஞ்சம் போதுமா?" என்று கேட்டான். அறையே சிரித்தது.

"குச்சி நுனியில ஒட்டினா போதும். உங்க பேச்சளவுக்கு வேண்டாம்" என்றார் நர்ஸ். பிறகு குரலை இறக்கினார். "ரத்தம் இருக்குன்னு வந்தா உடனே புத்துநோய்னு அர்த்தம் இல்ல. மூலமாவும் இருக்கலாம். ஆனா மூலம்னு நீங்களே முடிவு பண்ணிக்காதீங்க. உள்ள குழாய் விட்டுப் பாத்த டாக்டர்தான் முடிவு பண்ணணும்."

அதோடு விட்டிருந்தால் நாலு பேராவது ஒழுங்காகச் செய்திருப்பார்கள். மேலாளர் எழுந்து, குப்பியைத் திருப்பிக் கொடுக்காதவனுக்கு இந்த வருஷம் லீவு கிடையாது என்று அறிவித்தார். அப்புறம் அது நோயைப் பற்றிய பேச்சாக இல்லாமல் லீவைப் பற்றிய பேச்சாகிவிட்டது.

மறுநாள் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற கழிப்பறை வாசலில் நடந்தது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியும். ரேடியோ கையில் குப்பியை வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றிருக்கிறான். தம்பி உள்ளே போக வந்திருக்கிறான்.

"அதைப் போய் நோண்டறதுக்கு எனக்குக் குமட்டுதுடா. நீ எப்படியும் போகத்தான் போற. என் குச்சியையும் சேத்து ஒரு தொடு தொட்டுக் குடுத்துடேன்."

"ஆகட்டும்."

இந்த மாதிரிச் செய்தி எப்போதும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டுதான் போகும். சற்று நேரத்தில் இன்னும் நாலு பேர் குப்பியோடு வந்தார்கள். கடைசியில் மெக்கானிக் வந்தார். அவர் குப்பி வண்டிக்கடியில் இருக்கிற பள்ளத்தில் விழுந்து கிரீஸில் ஊறிவிட்டதாம். தம்பி தன் குப்பியையே எடுத்து நீட்டினான்.

"இதுல உன் பேரு ஒட்டியிருக்கேடா."

"கிழிச்சுட்டு உங்க பேரை எழுதிக்குங்கண்ணே. எனக்கு எதுக்கு லீவு, நான் எங்க போகப் போறேன்?"

ஆக, ஆறு குப்பி. ஆறிலும் இருந்தது என் தம்பி. அவன் பேரில் மட்டும் எதுவும் போகவில்லை.

சில வாரம் கழித்து நர்ஸ் வந்தபோது சிரிக்கவில்லை. ஆறு பேரைத் தனியாகக் கூப்பிட்டு, ஆறு பேர் குப்பியிலும் ரத்தம் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று குண்டைத் தூக்கிப் போட்டார். ஒருவன் முகத்திலும் ஈயாடவில்லை. மெக்கானிக் பள்ளத்து விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரேடியோ மனைவிக்குப் போன் போட்டு, அவளுக்கு அதுவரை தெரியாத இரண்டு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டுத் தொலைத்தான்.

சாயங்காலம் ஆறு பேரும் ஓய்வறையில் கூடினபோதுதான் யாருக்கோ உறைத்திருக்கிறது. அந்த ரத்தம் நம்முடையதே இல்லையே. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்களாம். பிறகு ஒருவன், "அப்ப அவனுக்கு?" என்று கேட்டிருக்கிறான். சிரிப்பு நின்றிருக்கிறது.

உண்மையைச் சொன்னால் மேலாளர் சஸ்பெண்ட் செய்வார். சொல்லாமலும் இருக்க முடியாது. அதனால் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள், மகா புத்திசாலிகள். எங்களுக்கெல்லாம் மூலம், அதுதான் ரத்தம் என்று ஆறு பேரும் நர்ஸிடம் சொல்லிவிடுவது. தம்பியிடம் ரேடியோ பக்குவமாக விஷயத்தைச் சொல்லிவிடுவது. ரேடியோ டீக்கடையில் அவனைப் பார்த்து, "டேய், உனக்கு மூலம் கொஞ்சம் ஜாஸ்தி போல இருக்கு. ஒரு நடை டாக்டரைப் பாத்துடு" என்றான். பக்குவம் அவ்வளவுதான். புற்றுநோயாக இருக்கலாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"ஆகட்டும்" என்றான் என் தம்பி. போகவில்லை. மூலத்துக்காக எந்த டிரைவர் டாக்டரிடம் போயிருக்கிறான்?

மாதங்கள் ஓடின. நர்ஸ் இரண்டுமுறை வந்து ஆறு பேரிடமும் கெஞ்சிவிட்டுப் போனார். ஆறு பேரும் பரிசோதனைக்கு வராத இடத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று என் ஜன்னலில் நின்று புலம்பினார். தம்பிக்கு வெளிப்படையாகவே ரத்தம் போக ஆரம்பித்திருந்தது. அவன் ஒரு ரப்பர் மெத்தை வாங்கிக்கொண்டான்.

ஒருநாள் மெக்கானிக் என் ஜன்னலுக்கு வந்தார். மெக்கானிக்குக்கு டிக்கெட் மெஷின் எதற்கு? அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஜன்னலைச் சாத்திவிட்டு நேராக ஓய்வறைக்குப் போனேன். அங்கே நான் பேசியதை எழுத முடியாது. ரேடியோ அன்றைக்குத்தான் முதன்முதலாக வாயை மூடிக்கொண்டு இருந்தான். அவனை ஓங்கி ஒன்று வைத்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

தம்பியிடம் சொன்னேன். "மூலம்தான்க்கா" என்றான்.

"எவன்டா சொன்னான்?"

"எல்லாரும்தான்."

நர்ஸின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டுப் பரிசோதனைக்கு நாள் வாங்கினேன். முதல் நாள் முழுக்க மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் பண்ண வேண்டும். அன்றைக்குப் பார்த்து, ஒன்றும் தெரியாத ஒரு டிரைவர் அவனிடம் ஷிப்ட் மாற்றிக் கேட்டான். இவன் ஆகட்டும் என்றுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மருந்து பிரிக்காமலே இருந்தது. ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி தேதி கிடைக்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்குள் அது வளர்ந்துகொண்டே இருக்கிறது, நான் மெஷினுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தால் அப்படியே தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டாவது தடவையும் முதல் நாள் காலையில் அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பணிமனை வாசலே முதல் நிறுத்தம், வண்டி பாதி நிறைந்திருந்தது. நான் ஓடிப்போய்ப் பேருந்துக்கு முன்னால் நின்றேன்.

"தள்ளுக்கா, நேரமாச்சு."

"என் மேல ஏத்திட்டுப் போ."

"ஒரே ஒரு நடைக்கா. ஷிப்ட் கேட்டவன் பையனுக்கு ஸ்கூல்ல ஏதோ கூட்டமாம். சாயங்காலம் வந்து குடிச்சுக்கறேன்."

"காலையிலேர்ந்து குடிக்கணும்டா. எறங்கு."

உள்ளேயிருந்து ஒருவர், "என்னம்மா, குடும்பச் சண்டையை வீட்டுல வெச்சுக்கக் கூடாதா? நாங்க வேலைக்குப் போகணும்" என்றார்.

எனக்கு மானம் போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது. "சண்டை இல்லீங்க" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "இவன் என் தம்பி. வெளிக்குப் போற எடத்துல இவனுக்கு மாசக்கணக்கா ரத்தம் போகுது. நாளைக்கு டெஸ்டு. இன்னிக்கு மருந்து குடிக்கணும். குடிக்காம உங்களைக் கொண்டுபோய் விட வந்திருக்கான். இவனுக்கு முடியாதுன்னு சொல்ல வராது. நீங்க சொல்லுங்க."

தம்பி ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். காதெல்லாம் சிவந்துவிட்டது. முன் சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, "நான் அடுத்த வண்டியில போறேன்" என்று சொல்லிக்கொண்டு இறங்கினாள். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். சண்டை போட்டவரும் இறங்கினார். வண்டி காலியான பிறகு தம்பி சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான்.

பரிசோதனை செய்த டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. அடிக்குடலில், ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி. புற்றுநோய்தான். ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலிலும் ஒரு புள்ளி.

"குப்பியில ரத்தம்னு வந்தப்பவே பாத்திருந்தா?" என்று கேட்டேன்.

"எந்தக் குப்பி?" டாக்டர் கம்ப்யூட்டரைத் தேடிப் பார்த்தார். "இவர் பேர்ல அப்படி எதுவும் வரலியே. இவர் டெஸ்டே குடுக்கலன்னு இருக்கு."

குப்பி வேறு பெயரில் போன கதையைச் சொன்னேன். அவர் நிதானமாகச் சொன்னார். "அப்ப எந்த அளவுல இருந்ததுன்னு இப்ப யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா. சீக்கிரம் வந்திருந்தா இன்னும் சுலபமா இருந்திருக்கும். இப்பவும் செய்யறதுக்கு வழி இருக்கு. குடல்ல ஆபரேஷன், அப்புறம் மருந்து, அப்புறம் அந்தப் புள்ளியை என்ன பண்ணலாம்னு பாக்கணும். முழுசா சரியாயிடும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா தள்ளிப்போட முடியாது. கீழ்ப்பக்கம் முழுக்க எடுத்துடுவோம், அதனால இனிமே வயித்துல ஒரு பை வெச்சுத்தான் மலம் போகும்."

தம்பி முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "முடியாது" என்றான்.

அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்க நான் எத்தனை வருஷம் கத்தியிருப்பேன். ஷிப்ட் கேட்டவனிடம் சொல்லவில்லை. பீரோ கொடுத்தவனிடம் சொல்லவில்லை. குப்பியை நீட்டியவர்களிடம் சொல்லவில்லை. உயிரைக் காப்பாற்ற வந்தவரிடம் சொன்னான், அதுவும் தெளிவாக.

"பையைக் கட்டிக்கிட்டு என்னை சீட்ல உக்கார விடுவாங்களாக்கா? பக்கத்துல நிக்கிறவன் மூக்கைப் பொத்துவான். ஏற்கெனவே வண்டி முழுக்க என் சமாச்சாரம் தெரியும்."

கடைசி வாக்கியம் எனக்கு. அது தைத்தது. பையோடு எத்தனையோ பேர் வேலைக்குப் போகிறார்கள், நாற்றம் வராது, பழகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அவன் மனைவி அழுதாள். மகள் அவனோடு பேசுவதை நிறுத்தினாள். நான் திட்டினேன், கெஞ்சினேன், ஆஸ்பத்திரி வார்டில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். "முடியாதுக்கா" என்று என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னான். வீட்டுக்கு அனுப்பக் காகிதம் தயாராகிக்கொண்டிருந்தது. இனி என்ன செய்வது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஜன்னலைத் திறந்து யாரையாவது கூப்பிடலாம் போலிருந்தது, யாரைக் கூப்பிட?

கடைசியில் நான் அந்த ஆறு பேருக்குத்தான் போன் போட்டேன். வந்தார்கள். ரேடியோ இரண்டு ஜோக் சொல்லிப் பார்த்தான், மூன்றாவதைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போய்விட்டான். மற்றவர்கள் கட்டிலின் கால்மாட்டில் வரிசையாக நின்றார்கள். மெக்கானிக் மட்டும் பக்கத்தில் வந்தார்.

"எனக்குப் பேச வராது" என்றார். "உன் குப்பி என் பேர்ல போச்சு. ரத்தம் இருக்குன்னு சொன்னதும் அன்னிக்குப் பகல் முழுக்க நான் செத்துட்டேன். அப்புறம் அது நான் இல்ல, நீதான்னு தெரிஞ்சதும் சிரிச்சேன்டா. உன்னை நெனைக்காம சிரிச்சேன். அந்தச் சிரிப்பு எனக்குக் காதை விட்டுப் போகல." கையைப் பிசைந்தார். "எனக்கு ஒரு உதவி செய். அந்த ஆபரேஷனைப் பண்ணிக்க. உனக்கு வேண்டாம்னா உனக்காக வேண்டாம். என் ஷிப்டுன்னு நெனச்சுக்க. எனக்காக ஓட்டு."

தம்பி விட்டத்தைப் பார்த்தான்.

"பீரோவை விடப் பெருசா இருக்கேண்ணே" என்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ஆகட்டும்" என்றான்.

இத்தனை வருஷம் நான் சபித்த சொல். அன்றைக்கு நான் அதைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆபரேஷன் நாளன்று ஆறு பேரும் நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மேலாளரிடம் அவர்களே போய் உண்மையைச் சொல்லிவிட்டார்கள், அது தனிக் கதை. தியேட்டர் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நர்ஸ் வந்தார். தம்பியைப் பற்றி விசாரித்துவிட்டு, கைப்பையைத் திறந்து ஆறு புதுக் குப்பிகளை எடுத்தார்.

"நீங்க ஆறு பேரும் இன்னும் டெஸ்ட் பண்ணிக்கவே இல்ல. தெரியுமில்ல?"

அவர்களுக்கு அது உறைத்திருக்கவே இல்லை. தங்களுக்கு ஒன்றுமில்லை என்று இத்தனை மாதமும் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ரேடியோ குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தான். அவனுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. வீட்டுக்குப் போய் நாளைக் காலையில் செய்தால் போதும் என்று நர்ஸ் சொன்னார். யாரும் கேட்கவில்லை. நினைத்த நேரத்தில் நடக்கிற காரியமா அது? இருந்தாலும் ஒவ்வொருவராக எழுந்து, நடைபாதைக் கோடியில் இருந்த கழிப்பறைக்கு முன்னால் போய் வரிசையில் நின்றார்கள். ஒருவனும் மற்றவன் கையில் குப்பியைக் கொடுக்கவில்லை.

நர்ஸ் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன வயசுக்கா?"

சொன்னேன். ஓய்வறையில் ஆண்களுக்கு மட்டும் சொன்னது என்று நினைத்து, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அவர் ஏழாவது குப்பியை எடுத்துக் கொடுத்தார். பேனாவும் கொடுத்தார்.

கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு அணையவில்லை. உள்ளே என் தம்பியின் வயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார்கள். என் பெயரை நானே எழுதி ஒட்டிக்கொண்டு, வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றேன்.